தரங்கம்பாடிப் பாறைமேல் பதினான்கு கால்கள்

மயிலாடுதுறையிலிருந்து பொறையார் பேருந்தில் ஏறினால் செம்பனார்கோயில், ஆக்கூர் என்று வயல்களுக்கு நடுவே போகிறது பாதை. மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் கட்டுகள் கிடந்தன. அறுத்த தாளுக்கிடையே உளுந்து பசேலென்று எழுந்திருந்தது. இந்த வழி நெடுக ஒன்றைக் கவனித்துக்கொண்டே வரலாம்: கல்லே இல்லை. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் இந்தப் பூமி முழுவதும். சோழர் கோயில்களின் கல் அத்தனையும் வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தது. கடற்கரைக்குப் போனாலும் மணல்தான், பாறை கிடையாது. நான் தேடிப்போன உயிரோ பாறை இடுக்குகளில் வாழ்வது.

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் நகர வாயிலைத் தாண்டி, ராஜ வீதியில் தேவாலயங்களைப் பார்த்துக்கொண்டே நடந்து டேனிஷ் கோட்டையில் போய் நிற்பார்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அது. நான் அதை மாலைக்கு ஒதுக்கிவிட்டு, மாசிலாமணிநாதர் கோயிலுக்கு நடந்தேன். 1306இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று கரையோரம் கருங்கல் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். லாரியில் வந்த அந்தக் கல்லில்தான் நான் தேடிவந்த லிஜியா எக்சோட்டிகா குடியிருக்கிறது.

பாறைமேல் கால் வைத்ததும் முதலில் தெரிவது ஓட்டம்தான். காலடி அதிர்வு பட்ட மாத்திரத்தில் பாறையின் முகமெங்கும் கருஞ்சாம்பல் புள்ளிகள் நாலாபக்கமும் சிதறி இடுக்குகளுக்குள் மறைகின்றன. அசையாமல் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு ஜோடி நீண்ட உணர்கொம்புகள் இடுக்கிலிருந்து வெளியே நீளும். அவை காற்றைத் துழாவி, பாறையைத் தட்டிப் பார்க்கும். பிறகு உடல் வரும். பெரியவை மூன்று சென்டிமீட்டர் இருக்கும். தட்டையான நீள்வட்ட உடம்பு, குறுக்கே பட்டை பட்டையாக ஓடுகள். பின்பக்கம் இரண்டு தண்டுகள், ஒவ்வொன்றும் இரண்டாகக் கிளைத்து நான்கு கூர்வால்களாக நீண்டிருக்கின்றன.

பக்கத்தில் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்த பெரியவர் நான் வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலோடு குனிந்து கிடப்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

“என்ன தம்பி, கரப்பானையா புடிக்கிறீங்க?”

“கரப்பான் இல்லீங்க ஐயா. இது நண்டு, இறால் வகை.”

“நண்டா? கொடுக்கு எங்க?”

நியாயமான கேள்வி. பாட்டிலில் ஒன்று அகப்பட்டதும் அவரிடமே கொண்டுபோனேன். கண்ணாடிச் சுவரில் அது ஒட்டிக்கொண்டு நிற்க, அடிப்பக்கம் முழுதாகத் தெரிந்தது. கால்களை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஈயக்குண்டுகளைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பக்கத்துக்கு ஏழு என்று எண்ணினார். கரப்பானுக்கு மொத்தமே ஆறு கால்தான் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நண்டுக்கோ கொடுக்கையும் சேர்த்துப் பத்து. இதற்குப் பதினான்கு. அதோடு பதினான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கால்கள். ஒன்றுகூடக் கொடுக்காக மாறவில்லை. வகைப்பாட்டில் இதன் வரிசைக்கு ஐசோபோடா என்று பெயர் வைத்ததற்கு இந்த ஒத்த கால்களே காரணம். கடலின் அடியாழத்தில் சவத்தைத் தின்று வாழும் ஒரு சாணுக்கு மேல் வளரும் ராட்சத ஐசோபாடும், நம் வீட்டுப் பூந்தொட்டியை நகர்த்தினால் அடியில் ஓடும் சாம்பல் பூச்சியும், தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் அதன் சொந்தக்காரரும் எல்லாம் இதே வரிசை. உலகில் பெயரிடப்பட்ட ஐசோபாடுகள் பத்தாயிரத்துக்கு மேல். அதில் நிலத்துக்கு வந்தவை மட்டும் நான்காயிரத்தை ஒட்டி இருக்கின்றன. நண்டும் இறாலும் அடங்கிய ஓட்டுடலிகளில், கடலை விட்டு இவ்வளவு முழுமையாக நிலத்துக்குக் குடிபெயர்ந்த கூட்டம் வேறு இல்லை.

கை லென்ஸை வைத்துப் பார்க்கும்போது உடம்பு மூன்று பகுதியாகப் பிரிகிறது. தலை, கால்கள் பொருந்திய ஏழு மார்புக் கண்டங்கள், அதற்குப் பின்னால் குறுகலான வயிற்றுக் கண்டங்கள் ஐந்து, கடைசியில் ஒரு முடிவுத் தட்டு. இறாலின் தலையையும் மார்பையும் சேர்த்து மூடும் ஒற்றை ஓடு இதற்குக் கிடையாது. ஒவ்வொரு கண்டமும் தனித்தனியாக அசைகிறது, அதனால்தான் பாறை விளிம்பில் உடம்பை வளைத்து ஓட முடிகிறது. நண்டின் கண் காம்பின்மேல் நிற்கும். இதன் கண்ணுக்குக் காம்பு இல்லை, தலையின் இரு ஓரங்களிலும் பதிந்தே இருக்கிறது. ஆனால் எவ்வளவு பெரிய கண்! தலையின் பக்கவாட்டை முழுக்க அடைத்துக்கொண்டு, கருப்பாக, பளபளப்பாக இருக்கிறது. பூந்தொட்டிப் பூச்சியின் கூட்டுக்கண்ணில் இருபத்துச் சொச்சம் சிறு கண்கள்தான். லிஜியாவின் கண் ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேல். அது இருட்டில் மக்கிய இலைக்கு அடியில் வாழ்கிறது. இது வெட்டவெளியில் நாரைக்கும் காக்கைக்கும் நண்டுக்கும் நடுவே மேய வேண்டியிருக்கிறது. சுருண்டுகொள்ளத் தெரியாத உயிருக்குக் கண்ணும் காலும்தான் காப்பு.

உணர்கொம்பு என்று நாம் பார்ப்பது இரண்டாவது ஜோடி. முதல் ஜோடி லென்ஸிலும் சிரமப்பட்டுத்தான் தெரிகிற மூன்று கணுவுள்ள சிறு மொட்டு. நிலத்து ஐசோபாடுகள் எல்லாவற்றிலும் முதல் ஜோடி இப்படித் தேய்ந்துபோயிருக்கும். இரண்டாவது ஜோடியில் அடித்தண்டு ஐந்து கணு. அதற்கு மேல் சாட்டைபோல் நீளும் பகுதி லிஜியாவில் ஏராளமான நுண்கணுக்களால் ஆனது. பூந்தொட்டியில் கிடைக்கிற பல வகைகளில் அந்தச் சாட்டைப் பகுதி இரண்டு அல்லது மூன்று கணுவாகக் குறுகிவிட்டிருக்கும். வகைப்படுத்துகிறவர்கள் முதலில் எண்ணுகிற இடங்களில் இதுவும் ஒன்று. சாட்டையில் கணு நிறைய இருந்தால் லிஜியாவின் குடும்பமாக இருக்கலாம் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு மேலே போவார்கள்.

பெரியவர் இன்னொன்றைப் பிடித்துக் கொடுத்தார். அவர் கையை மெல்லக் குவித்து மூடிய விதத்தில், சிறு வயதிலிருந்தே இதைப் பிடித்துப் பழகியவர் என்று தெரிந்தது. அது பெண். மார்பின் அடிப்பக்கம் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரு பையாக மூடியிருந்தன. அதற்குள் மஞ்சள் நிறத்தில் முட்டைகள். கடல் இறாலில் பல வகை முட்டையைத் தண்ணீரில் விட்டுவிடும். அதன் குஞ்சு பல உருவம் மாறி, நீந்தி அலைந்து வளரும். லிஜியாவின் குஞ்சுக்குக் கடலில் அலையும் பருவமே கிடையாது. தாயின் பையில் உள்ள ஈரத்திலேயே வளர்ந்து, தாயின் சின்ன வடிவமாகவே வெளியே வருகிறது. ஒரே ஒரு வித்தியாசம், ஏழாவது ஜோடிக் கால் அப்போது இருக்காது. ஆறு ஜோடியோடு ஓடத் தொடங்கி, பிறகு தோலுரிக்கும்போது ஏழாவதைப் பெறுகிறது. கரைக்கு வர நினைக்கும் கடலுயிருக்கு இந்தப் பை எவ்வளவு பெரிய வரம் என்பதை ஒருமுறை நேரில் பார்த்தால்தான் தெரியும். குஞ்சு பொரிக்கக் கடலுக்குத் திரும்பிப் போகவேண்டிய கட்டாயம் இதற்கு இல்லை. நில நண்டுகளுக்கு இன்றும் அந்தக் கட்டாயம் இருக்கிறது.

பெண்ணை அதன் இடுக்கின் வாயிலேயே விட்டேன்.

வெயில் ஏற ஏற இவை இடுக்குக்குள் ஒடுங்கிவிடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது நேர்மாறு. உச்சிப்பொழுது நெருங்கும்போது பாறையின் கடல்பக்கச் சரிவில், அலைத்துளி தெறிக்கும் உயரத்தில், முன்பைவிட அதிகமாக வெளியே வந்து நின்றன. பிரிட்டன் கடற்கரையில் இதன் உறவினமான லிஜியா ஓஷியானிகாவை ஆராய்ந்த எட்னி என்ற ஆய்வாளர் 1950களில் இதற்கு விளக்கம் கண்டார். கல்லுக்கு அடியில் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும், அங்கே உடம்பிலிருந்து நீர் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் சூடு தணியாது. வெளியே வந்தால் வெயில் பட்டாலும் காற்று வீசும், உடம்பின் நீர் ஆவியாகும், உடல் வெப்பம் சில டிகிரி குறையும். நீர் ஆவியாவதால் குளிரும் வித்தை நமக்கும் இதற்கும் பொது. ஆனால் விலை அதிகம். லிஜியாவின் தோலில் பூச்சிகளுக்கு இருப்பதுபோல் நீரைத் தடுக்கும் நல்ல மெழுகுப் பூச்சு இல்லை. இழக்கிற நீரை உடனுக்குடன் ஈடுசெய்யாவிட்டால் காய்ந்து சாகும்.

ஈடுசெய்யும் விதத்தைத்தான் நான் பார்க்க விரும்பினேன். அதற்காகத்தான் இந்தப் பயணமே. ஈரம் தேங்கிய ஒரு சிறு குழியின் ஓரத்தில் ஒன்று வந்து நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு லென்ஸை நெருக்கினேன். கடைசி இரண்டு கால்கள், ஆறாவதும் ஏழாவதும், ஒன்றோடு ஒன்று ஒட்டிச் சேர்ந்தன. சேர்ந்த இரண்டும் தண்ணீரின் மேற்பரப்பைத் தொட்டன. வேறு எந்த அசைவும் இல்லை. வாய் தண்ணீருக்குப் போகவில்லை. சற்று நேரத்தில் காலின் நெடுக ஒரு பளபளப்புக் கோடு மேலேறி வயிற்றின் அடிப்பக்கம் பரவியது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, காலின் வழியே கடல் ஏறிக்கொண்டிருந்தது.

2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் லிஜியா எக்சோட்டிகாவின் இந்தக் கால்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். அந்தக் கால்களின் பரப்பில் மயிர் போன்றவையும் துடுப்பு போன்றவையுமாக நுண்ணிய நீட்சிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இடைவெளியே நீர் ஏறும் பாதை. தசை இழுப்பதில்லை, உறிஞ்சுவதும் இல்லை, நுண்புழை விசையே நீரை மேலே தூக்கிவிடுகிறது. இரண்டு கால்கள் சேர்ந்தால்தான் பாதை முழுமையாகிறது. பிரித்துவிட்டால் பாதை அறுந்துவிடும். வேண்டும்போது திறந்து, போதுமென்றால் மூடிக்கொள்கிற குழாய் அது. பொறியாளர்கள் இன்று இந்த அமைப்பைத் தங்கள் கருவிகளுக்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஏறிய நீர் போய்ச் சேருமிடம் வயிற்றின் அடியில் உள்ள ஐந்து ஜோடித் தகடுகள். அவைதான் செவுள்கள். பாட்டிலில் மல்லாந்து தெரிந்தபோது அவை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்பட்ட மெல்லிய வெள்ளை இலைகளாக, மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. அவை ஈரமாக இருக்கும்வரைதான் லிஜியாவால் மூச்சுவிட முடியும். பூந்தொட்டிப் பூச்சியின் பல வகைகளில் இதே தகடுகளுக்குள் காற்றறைகள் உண்டாகியிருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் வயிற்றடியில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும், கிட்டத்தட்ட நுரையீரல்போல் வேலை செய்யும். லிஜியாவுக்கு அது இல்லை. காற்றில் வாழ்கிறது, ஆனால் செவுளால்தான் மூச்சு. கடலில் இறக்கிவிட்டாலோ நீந்திப் போகப் பார்க்காது. தத்தளித்துப் பாறைக்கே ஏறும். அலை எட்டாத அளவு உயரத்துக்கும் போகாது, அலையோடு இருக்கவும் ஒப்பாது. ஒரு முழ அகலத்து ஈரப் பட்டைதான் அதன் நாடு.

இங்கேதான் வகைப்பாட்டில் பெரிய வாதம் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு.

நெடுங்காலமாக நிலத்து ஐசோபாடுகள் எல்லாமே ஒனிஸ்கிடியா என்ற ஒரே கூட்டத்தில் வைக்கப்பட்டிருந்தன. இன்றைய பட்டியல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. அவை கடலிலிருந்து ஒரேமுறை கரையேறின என்பது அதன் உட்பொருள். தாடையில் உள்ள சிறு கிளை எல்லாவற்றிலும் இல்லாமல் போனது, முதல் உணர்கொம்பு தேய்ந்தது, உடம்பின் மேல் நீரை நடத்திச் செல்லும் வழிகள் உண்டானது ஆகியவையெல்லாம் இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. இந்தக் கதையில் லிஜியாவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் நடுப்படி. கடல் ஐசோபாடு கீழ்ப்படி, காட்டில் மக்கிய இலைக்கடியில் வாழ்வது மேல்படி, லிஜியா இரண்டுக்கும் நடுவே நிற்கிற பாதி வழிப் பிராணி. பாடப்புத்தகங்களில் எத்தனையோ தலைமுறை மாணவர்கள் இப்படித்தான் படித்தார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

2019இல் டிமிட்ரியூ, தைத்தி, ஸ்ஃபென்தூராகிஸ் மூவரும் ஐசோபாடுகளின் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இந்தப் படிக்கட்டையே அசைத்துவிட்டது. அவர்கள் கண்டபடி, லிஜியா மற்ற நிலத்து ஐசோபாடுகளோடு சேரவில்லை, கடல்வாழ் கூட்டங்களின் பக்கம் போய் நிற்கிறது. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பானின் ஈரக்காடுகளில் வாழும் லிஜிடியம் என்ற பேரினம் லிஜியாவின் குடும்பத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. அதுவோ லிஜியாவை விட்டுவிட்டு மற்ற நிலத்து வகைகளின் பக்கம் சேர்கிறது. இது சரியென்றால் ஐசோபாடுகள் கரையேறியது ஒருமுறை அல்ல. ஒரு கூட்டம் ஒருமுறை ஏறிக் காடுவரை போயிற்று. லிஜியாவின் முன்னோர்கள் வேறொரு சமயத்தில், தங்கள் வழியில் ஏறி, அலைத்துளி விழும் பாறையோடு நின்றார்கள். உடல் அமைப்பை முதன்மையாக நம்புகிறவர்கள் இதை இன்னும் முழுக்க ஏற்கவில்லை. தாடைக் கிளையும் நீர்வழியும் இரண்டு முறை தனித்தனியே ஒரேமாதிரி மாறின என்பதை அவ்வளவு லேசாக நம்பிவிட முடியாது என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் பாறையோரம் உட்கார்ந்து பார்த்தபிறகு, நடுப்படி என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. பாதி வழியில் நிற்கிற உயிருக்கு ஆயிரம் சில்லுக் கண் எதற்கு? காலிரண்டைச் சேர்த்தால் குழாயாகிற ஏற்பாடு எதற்கு? இது காட்டுக்குப் போகும் வழியில் களைத்து நின்றுவிட்ட உயிர் அல்ல. கடலும் நிலமும் சேருமிடத்தில் வாழ்வதற்கென்றே செதுக்கப்பட்ட உடம்பு இது. வேறெங்கும் போகவேண்டிய அவசியம் அதற்கு இல்லை. மரபணு சொல்வது நாளை மாறினாலும், இந்த உடம்பைப் பாதி முடிந்த வேலை என்று சொல்வது அதைச் சரியாகப் பார்க்காதவர்களின் பேச்சு.

மாலையில் கோட்டைக்குப் போனேன். உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். டேனிஷ் காலத்துப் பொருள்கள், சீனப் பீங்கான் துண்டுகள், பத்திரங்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தது இங்கிருந்து கப்பலேறிப் போன வேறு சரக்கைப் பற்றி. டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினண்ட் 1790களில் இந்த ஊரில் இருந்தார். 1791 நவம்பரில் ஒரு குளத்தங்கரைப் பனைமரத்தில், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில், மீன் ஒன்று ஏறிக்கொண்டிருப்பதைக் கண்டதாக எழுதி லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளிவரச் செய்தவர் அவர்தான். நம் ஊரில் பனையேறிக் கெண்டை என்று எப்போதோ பெயர் வைத்துவிட்ட மீன். இப்பக்கத்துக் கடலில் கிடைத்த நண்டுகளையும் இறால்களையும் அவர் சேகரித்துக் கொடுத்தார். லின்னேயஸின் மாணவரான ஃபேப்ரீசியஸ் அவற்றில் பலவற்றுக்கு 1798இல் கோபன்ஹேகனில் வெளிவந்த தம் நூலில் பெயரிட்டார். இன்று ஏற்றுமதியில் கோடிகள் புரளும் புலி இறாலின் அறிவியல் பெயர் அந்த நூலில் பிறந்தது. லிஜியா என்ற பேரினத்தை ஃபேப்ரீசியஸ் ஏற்படுத்தியதும் அதே நூலில்தான். அதற்கு அடிப்படையாக அமைந்தது லின்னேயஸ் ஏற்கெனவே விவரித்திருந்த ஐரோப்பியக் கடற்கரை இனம், தரங்கம்பாடிப் பாறைப் பூச்சி அல்ல. இருந்தாலும் இந்த ஊர்க் கரையிலிருந்து போன நண்டும் இறாலும், லிஜியா என்ற பெயரும் ஒரே அட்டைக்குள் அச்சேறின என்பது எனக்கு இந்தக் கோட்டைச் சுவரைவிடப் பெரிய செய்தி.

எக்சோட்டிகா என்ற இனம் வந்தது அதற்குப் பிறகு, 1828இல். மார்செய் துறைமுகத்தில் இதைக் கண்டு விவரித்தவர் பொலிதோர் ரூ. ஓவியர், அந்நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காப்பாளர். மத்தியதரைக் கடலின் ஓட்டுடலிகளைத் தாமே வரைந்து நூலாக்கியவர். துறைமுகத்தில் ஓடிய இந்த உயிர் வெளியிலிருந்து வந்தது என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார், பெயரிலும் அதைப் பதித்தார். சில ஆண்டுகளில் அவரே கீழ்த்திசைக்குக் கப்பலேறினார். 1833இல் பம்பாயில் இறந்தார்.

அவர் உணர்ந்ததை உறுதிப்படுத்த 190 ஆண்டுகள் ஆயின. பல நாட்டுக் கடற்கரைகளிலிருந்து எடுத்த லிஜியா எக்சோட்டிகாவின் மரபணுக்களை ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு, இதன் தாயகம் கிழக்காசியக் கரைகளாக இருக்கவேண்டும் என்று காட்டியது. அங்கேதான் மரபணு வேறுபாடு மிக அதிகம். மற்ற இடங்களுக்கு மனிதன்தான் ஏற்றிச்சென்றிருக்கிறான். பழைய மரக்கப்பலின் பலகை இடுக்கு, ஈரமான சரக்கறை, கரையில் அடுக்கிய கல் என எதுவும் இதற்குப் போதும். நீந்திக் கடலைத் தாண்ட முடியாத, குஞ்சைக் கடலில் விடாத உயிர் உலகின் வெப்பமண்டலத் துறைமுகங்கள் பலவற்றில் இருப்பதற்கு வேறு விளக்கம் கிடையாது. கல்லே இல்லாத காவிரிக் கழிமுகக் கரைக்கு இது எப்படி வந்தது என்ற கேள்விக்கும் விடை அந்தப் பக்கம்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. கோட்டை மதிலும் கப்பலும் முதலில் இடம் கொடுத்திருக்கலாம். இப்போது கருங்கல் தடுப்பும் தூண்டில் வளைவும் கரை நெடுக அதற்கு வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இருட்டியபின் டார்ச்சோடு மறுபடி பாறைக்கு வந்தேன். பகலில் கருஞ்சாம்பலாக இருந்தவை இப்போது வெளிறியிருந்தன. தோலில் உள்ள நிறமிச் செல்களுக்குள் நிறமி பகலில் பரவி உடம்பைக் கருக்கச் செய்கிறது, இரவில் ஒடுங்கிவிடுகிறது. பாறையில் படிந்த பச்சைப் பாசியை ஒன்று சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. பின்பாதி பளிச்சென்று புதிதாக, முன்பாதி மங்கலாக இருந்தது இன்னொன்று. ஐசோபாடுகள் உடம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் உரிப்பதில்லை. முதலில் பின்பாதிச் சட்டையைக் கழற்றும், பிறகு முன்பாதியை. அதனால் எந்த நேரத்திலும் பாதி உடம்பாவது கெட்டியான ஓட்டோடு இருக்கிறது.

இந்தச் சின்ன உடம்புக்குள் நடக்கிற ஒன்றை லென்ஸால் பார்க்க முடியாது. ஆனாலும் அதை நினைக்காமல் இந்தப் பூச்சியை என்னால் பார்க்க முடிவதில்லை. லிஜியா எக்சோட்டிகாவின் குஞ்சில் இதயம் முதலில் தன் தசையாலேயே துடிக்கிறது, நம் இதயத்தைப் போல. வளர வளர, இதயத்தின் மேல் அமைந்த ஆறே ஆறு நரம்பணுக்கள் கொண்ட முடிச்சு தாளத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. முதிர்ந்த பிறகு துடிப்பின் தாளத்தை வகுப்பவை அந்த ஆறும்தான். துடிப்பின் தலைமை இப்படிக் கைமாறுவதை யமகிஷி, ஹிரோஸே என்ற ஆய்வாளர்கள் 1997இல் நிரூபித்தார்கள். கணுக்காலிகளின் இதயத்தைப் புரிந்துகொள்வதில் இந்தப் பாறைப் பூச்சி ஒரு முக்கியமான பாடமாக நிற்கிறது.

மறுநாள் காலை ஒரே வேலைதான் பாக்கி. பார்த்தது லிஜியா எக்சோட்டிகாதான் என்று எதை வைத்துச் சொல்வது? இந்தியப் பெருங்கடலின் கரைகளில் லிஜியா டென்டிபெஸ் போன்ற வேறு இனங்களும் உண்டு. நிறமோ அளவோ உதவாது. ஆணின் முதல் காலைப் பார்க்க வேண்டும். அந்தக் காலின் நுனிக்கு முந்தைய கணுவில், நகத்தை ஒட்டிய ஓரத்தில், எக்சோட்டிகாவின் ஆணுக்குச் சிறிய முட்டுபோல ஒரு நீட்சி இருக்கும். அதோடு ஆணின் வயிற்றடித் தகடுகளில் இரண்டாவது ஜோடி கலவிக்கான தண்டாக மாறியிருக்கும். அதன் நுனி இனத்துக்கு இனம் வேறு. பேரினத்தில் முப்பதுக்கு மேற்பட்ட இனங்களைப் பிரிப்பதில் இந்த இரண்டும் பெரிய துணை. பெண்ணை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு இனத்தைச் சொல்லிவிட முடியாது.

பெரியவர் அன்றும் வந்திருந்தார். நீளக் கொம்புள்ள பெரியதாகப் பார்த்து ஒன்றைப் பிடித்துத் தந்தார். ஆண்களின் உணர்கொம்புகள் பெண்களுடையதைவிட நீளம் என்பதைச் சொல்லாமலே கண்டுகொண்டிருந்தார். பாட்டிலைச் சாய்த்து, அது முன்னங்காலைக் கண்ணாடியில் ஊன்றும்வரை காத்திருந்தோம். கணுவின் ஓரத்தில் அந்தச் சிறு முட்டு தெரிந்தது. லென்ஸை அவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

“இவ்வளவுதான் அடையாளமா தம்பி?”

“இதுதாங்க ஐயா. மத்ததெல்லாம் பார்த்துச் சொல்ல முடியாது.”

“நாகப்பட்டினத்துக் கல்லுலயும் இது நிறைய ஓடுது. அதுலயும் இந்த முட்டு இருக்கான்னு பார்த்துட்டுப் போங்க. காரைக்கால்லயும் பாருங்க.”

அவர் சொன்னது சரி. ஓர் ஊர்க் கரையில் ஒரு ஆணின் காலைப் பார்த்துவிட்டுச் சோழமண்டலக் கரை முழுவதுக்கும் ஒரே பெயரை எழுதிவிடக் கூடாது. உருவத்தில் ஒன்றாகத் தெரியும் லிஜியாக்கள் மரபணுவில் வெகுதூரம் பிரிந்து நிற்பதை உலகின் பல கரைகளில் கண்டிருக்கிறார்கள். ஆணை அதே பாறையில் விட்டுவிட்டு, பொறையாரிலிருந்து காரைக்கால் பேருந்தில் ஏறினேன். அங்கே துறைமுகக் கல்லில் ஆண்களைத் தேடிவிட்டு, பிறகு நாகப்பட்டினம்.